அடுக்களைப் புகையும் அதைக் குறைக்கும் வழிகளும்
ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

கிராம சுகாதாரம் என்றவுடன் கிணறும், சாக்கடையும், குப்பைக் குழியுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. வீட்டினுள்ளே நாள்தோறும் எழுகின்ற புகையைச் சுகாதாரக் கேடாக எண்ணுவோர் சிலரே. அடுப்பு எரிந்தால் புகை வருவது இயல்பு என்றும், சமைப்பவள் கண்ணீர் விடுவது வழக்கம் என்றும் ஜனங்கள் இருந்துவிடுகின்றனர். கிணற்று நீர் கலங்கினால் ஊரார் கூடிப் பேசுகின்றனர். அடுக்களைக் காற்றுக் கலங்கினால் யாரும் கூடுவதில்லை. அதைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்மக்களும், அவர்கள் இடுப்பிலும் அருகிலும் இருக்கும் குழந்தைகளுமே ஆவர். சங்கக் கூட்டத்தில் உட்காருபவர்களோ பெரும்பாலும் ஆண்மக்கள். இவ்விஷயம் இத்தனை காலம் சங்கத்தின் முன் வராமற் போனதற்கு அதுவே முதற் காரணம்.

1. புகை உண்டாகும் விதம்

விறகு தானாக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு விறகு சூடேறி எரியத்தக்க வாயுக்களை வெளியிடுகிறது. அவ்வாயுக்கள் போதிய காற்றோடும் போதிய சூட்டோடும் கலந்தால் சுடராகின்றன. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயுக்கள் எரியாமலே வெளியேறுகின்றன. அதுவே புகை. ஆகவே புகை என்பது பாதி எரிந்த விறகு என்று கொள்ளலாம். கண்ணைக் கெடுக்கும் பொருளே பானைக்குச் சேரவேண்டிய சூட்டையும் கொண்டுபோகிறது.

ஈர விறகு புகைவது சூடு போதாமையால். அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்தால் புகைவது காற்றுப் போதாமையால். ஊதுகுழலால் ஊதியவுடன் சுடர் எழுவது காற்றுக் கிடைத்தமையால். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேருகிறதென்பது பொதுவான கணக்கு. காற்று வீசாத இடத்தில் கவனத்தோடு எரித்தால் அது சற்றுக் கூடும். மிகுதி சுவரையும், கூரையையும், சமைப்பவளையும் சுடுகிறது.

2. அளந்து அறிந்த உண்மைகள்

புகையிலுள்ள துகள்களில் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை மிகத் தீயவை. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் வரையறுத்தது.

தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சென்னைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியார் சுவாசத்தில் உட்புகும் துகள்களை அளந்து 2002-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு அங்கத்தினர்கள் மனத்தில் இருத்தத்தக்கது. விறகும் சாணமும் எரிக்கும் வீடுகளில் சமையல் நேரத்தில் கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை துகள்கள் இருந்தன. இருபத்து நான்கு மணி நேரச் சராசரியில் சமைப்பவர் சுவாசித்தது 231 மைக்ரோகிராம். அதே விதமான வீடுகளில் சமைக்காதவர் சுவாசித்தது 90. எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டார் சுவாசித்தது 82. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், சமைப்பவளுடைய பங்கு மற்றவர் பங்கைப்போல் இரண்டரை மடங்காக இருந்தது.

இதனால் விளையும் வியாதிகள் பல. குழந்தைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல், பெரியவர்களுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு, இருதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்று ஆகியவற்றையும், கண்புரையையும் மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதிலும் வீட்டுப் புகையால் ஏற்பட்ட மரணங்கள் 32 லட்சம் என்றும், அவற்றுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

ஆயினும் மிகைப்படுத்திச் சொல்வது நன்றன்று. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களிலுமாகச் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களைக்கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தப்பட்டது. ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன. 2022-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, கர்ப்ப காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 24 மைக்ரோகிராமாகக் குறைந்தது. விறகு எரித்தவர்களுக்கு அது சுமார் 71. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது மெய். குழந்தையின் எடைக்குத் தாயின் உணவு முதலான வேறு காரணங்களும் உண்டென்பதும் மெய். அடுப்பு ஒன்றை மாற்றிவிட்டால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று எவரேனும் சொன்னால் அதை நம்பலாகாது.

3. கரிசற் சீமையின் விறகு

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கங்கள் வானம் பார்த்த கரிசற் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி முதலியவை விளைகின்றன. அடர்ந்த காடு இல்லை. ஆகவே அடுப்புக்கு வருவன நான்கு: சீமைக்கருவேல் அல்லது உடை விறகு, பருத்திமார், பனையின் மட்டையும் ஓலையும், சாண வரட்டி.

இவற்றின் குணங்கள் வெவ்வேறு. சீமைக்கருவேல் நன்கு காய்ந்தால் கெட்டியாக எரிந்து தணலாக நிற்கும். இப்பக்கத்தில் கரிமூட்டம் போடுவதற்கும் அதுவே பயன்படுகிறது. பச்சையாக வெட்டி அன்றே எரித்தாலோ அடுக்களை முழுதும் இருளும். பருத்திமாரும் பனையோலையும் குப்பென்று பிடித்து விரைவில் அணைந்துவிடும். அவற்றை இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் சமைப்பவள் அடுப்பின் முன்னின்று எழுந்திருக்க முடியாது. வரட்டியோ எல்லாவற்றினும் அதிகம் புகைவது. நிலத்துக்குச் சேரவேண்டிய உரமும் அதனோடு போகிறது. பஞ்சாபில் குர்கான் ஜில்லாவின் அதிகாரியாக 1920-களில் கிராம சீர்திருத்தம் நடத்திய பிரேன் என்பவர் இரண்டு காரியங்களை விடாமல் வற்புறுத்தினார்: ஒன்று, சாணத்தை எரிக்காமல் குழியில் இட்டு உரமாக்குதல், மற்றொன்று, வீட்டுச் சுவரில் ஜன்னல் வைத்தல். இரண்டும் கரிசற் கிராமத்துக்கும் பொருந்தும்.

செலவில்லாத முதல் பரிகாரம் விறகை உலர்த்துவதே. பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் இந்நாட்டில் எவருக்கும் இலவசம். அம்மாதங்களில் வெட்டிப் பிளந்து, மழைத் துளி படாத இடத்தில், தரையில் படாமல் அடுக்கி வைத்த விறகு மார்கழி வரை குறைந்த புகையோடு எரியும். மழைக்காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு ஈர விறகை எரிக்கும் வீட்டிலேதான் புகையின் கொடுமை மிகுதி. பருப்பை ஊறவைத்தல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், கொதித்தபின் தீயைத் தணித்தல் ஆகியவையும் விறகை மிச்சப்படுத்தும்.

4. இலவச விறகின் விலை

"விறகுக்குக் காசு கொடுப்பதில்லை, எரிவாயுவுக்குக் காசு வேண்டும்" என்பது கிராமத்தில் எங்கும் கேட்கும் ஆட்சேபம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், கண்மாயிலும் தரிசிலும் நிறைந்திருப்பதால் இந்த ஆட்சேபம் வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் அதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒரு வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று மணி நேரம் விறகு வெட்டவும் சுமக்கவும் செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்துக்கு 36 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால் இது நாலரை நாள் வேலை. சிறு குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் ஆறு வாரம் வருமானால், நாலரை நாட் கூலியும் சிலிண்டர் விலையும் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஊர்க் கூலியை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கையில் முள் ஏறுவதும் தலைச்சுமையும் இக்கணக்கில் சேரவில்லை.

இதற்கு நேர்மையான மறுப்பும் ஒன்று உண்டு. கோடையில் காட்டு வேலை இல்லாதபோது, மிச்சமான நேரத்துக்குக் கூலி கொடுப்பார் எவரும் இல்லை. ஆகையால் ஏழைக் குடும்பம் வேலைக் காலத்திலும் மழைக் காலத்திலும் எரிவாயுவையும், கோடையில் காய்ந்த விறகையும் நாடுவது அறியாமையன்று, வரவுக்கேற்ற செலவே. சங்கம் அதைப் பழிக்காமல், எரிவாயுக் காலத்தை நீட்டவும், விறகுக் காலத்தின் புகையைக் குறைக்கவும் ஒருங்கே முயலவேண்டும்.

5. முன் முயற்சிகள் கற்பித்தவை

புகையில்லா அடுப்பு புதிய எண்ணமன்று. 1934-ம் ஆண்டில் வார்தாவில் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், தஞ்சாவூரிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவைக் காரியதரிசியாகக் கொண்டு மகன்வாடியில் இயங்கியது. அங்கே உருவாகி 1947-ம் ஆண்டில் வெளிவந்ததே "மகன் சூலா" என்னும் மண் அடுப்பு. பின்னர் ஹைதராபாத் எஞ்சினீயரிங் ஆராய்ச்சிச் சாலையின் எஸ். பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பொன்றைத் திட்டமிட்டு, கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையற்ற அடுக்களை என்னும் பொருளில் 1953-ம் ஆண்டில் சென்னையில் நூல் வெளியிட்டார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் "அஸ்த்ரா ஒலே" என்னும் அடுப்பை வகுத்தனர். மத்திய சர்க்கார் 1983-ம் ஆண்டு முதல் தேசீயத் திருந்திய அடுப்புத் திட்டத்தை நடத்தி, சுமார் மூன்றரைக் கோடி அடுப்புக்களை அமைத்து, 2002-ம் ஆண்டில் அதை நிறுத்தியது.

மூன்றரைக் கோடி அடுப்பு கட்டியும் புகை ஏன் ஒழியவில்லை? பல இடங்களில் அடுப்பை மானியத்தில் கட்டிக்கொடுத்தவர் திரும்பி வரவில்லை. புகைபோக்கி கரி பிடித்து அடைந்தது, மண் வெடித்தது, பழுது பார்க்க ஆளில்லை. வீட்டுப் பானையின் அளவைக் கேளாமலே அடுப்பின் கண் அமைக்கப்பட்டது. ஒரிஸ்ஸாக் கிராமங்களில் புகைபோக்கியுள்ள மண் அடுப்பு பெற்ற வீடுகளை நான்கு ஆண்டு வரை தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர், முதல் ஆண்டில் புகை குறைந்தது என்றும், பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது என்றும் கண்டனர். ஜனங்கள் அடுப்பைத் தொடர்ந்து உபயோகிக்கவுமில்லை, செப்பனிடவுமில்லை. ஆகவே அடுப்பு கட்டுவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது சங்கத்தின் வேலை.

6. புகைபோக்கி அடுப்பு கட்டும் முறை

தமிழ்நாட்டுப் பெண்மக்கள் கொடியடுப்பை நன்கு அறிவர். பெரிய அடுப்பின் தீ ஒரு வழியாகச் சென்று பக்கத்துச் சிறு கண்ணையும் சூடாக்குகிறது. புகைபோக்கி அடுப்பென்பது, மூடிய கொடியடுப்பின் கடைசியில் ஒரு குழாயை நிறுத்தியதேயாகும். அதைக் கட்டுவதில் கவனிக்க வேண்டியவை வருமாறு:

மண்: கரிசல் மண் உதவாது. அது நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நிலத்தில் கோடைப் பிளவு விழுவது போலவே அடுப்பிலும் விழும். செம்மண்ணோ கறையான் புற்று மண்ணோ கொண்டுவந்து, மணலும் நறுக்கிய வைக்கோலும் அல்லது உமியும் சாணமும் கலந்து, மிதித்துப் புளிக்கவைத்துக் கட்டவேண்டும்.

கண்கள்: அவ்வீட்டில் தினமும் ஏற்றும் பானையையும் சட்டியையும் வைத்தே கண்ணின் அளவு எடுக்கவேண்டும். பாத்திரம் கண்ணில் பொருந்தி உட்காராவிட்டால் புகை அவ்வழியே வெளிவரும். ஒரு கண்ணில் பாத்திரம் இல்லாதபோது அதை மூடியிட்டு வைக்கவேண்டும்.

தீயறை: முதற் பாத்திரத்தின் அடிக்கும் அடுப்பின் தரைக்கும் இடையே சுமார் 6 அங்குலம் இருக்கலாம். தரையில் இரும்புக் கம்பிகளைப் பரப்பி, கீழே காற்று நுழைய வழி விட்டால் விறகு நன்றாக எரியும். விறகு வாய் அளவுக்கு மேல் பெரிதாயிருக்கலாகாது.

புகைபோக்கி: உட்குறுக்களவு சுமார் 4 அங்குலமுள்ள சுட்ட மண் குழாய் ஏற்றது, குயவர் அதைச் செய்துதர இயலும். கல்நார்க் குழாய் உடம்புக்குக் கேடு, அதைத் தவிர்க்கவேண்டும். குழாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்றடி உயர்ந்து, மழை இறங்காதபடி குல்லாய் உடையதாயிருக்க வேண்டும். பனையோலை வேய்ந்த வீட்டில் குழாயைக் கூரை வழியே விடுவது அபாயம். சுவரின் வழியே வெளியேற்றி, ஓலைக்கு எட்டாத தூரத்தில் மேலேற்ற வேண்டும். அதற்கு வசதியில்லையேல் இவ்வடுப்பை வீட்டுக்குப் புறம்பான கொட்டகையில் அமைப்பதே நலம்.

பராமரிப்பு: பதினைந்து நாளுக்கொருமுறை குழாயின் கரியைத் துடைத்தல், வாரந்தோறும் உள்வழியின் சாம்பலை வாருதல், வெடிப்புக் கண்டவுடன் மண் பூசுதல் ஆகிய மூன்றும் தவறலாகாது.

இவ்வடுப்பு புகையை வீட்டினின்று வெளியேற்றுகிறதேயன்றி அழிப்பதில்லை. நெருங்கிய தெருவில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டு ஜன்னலில் நுழையும். ஆகவே இதை இடைவழியாகக் கொண்டு, சுத்தமான எரிபொருளையே முடிவான நோக்கமாகக் கொள்ளவேண்டும்.

7. சாண எரிவாயு

மாடு வைத்திருப்போர்க்குச் சாண எரிவாயு தக்கது. நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலத்துக்கு 50 கிலோ சாணமும், ஏறக்குறைய அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடு உள்ள வீட்டுக்கு இது இயலும். வாயு எரிந்தபின்னும் சாணத்தின் உரச்சத்து கழிவுக் குழம்பில் தங்கி நிலத்துக்குச் செல்வதால், வரட்டியால் நேரும் நஷ்டம் இல்லை. ஆனால் குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் தினந்தோறும் 50 லிட்டர் தண்ணீர் எளிதன்று. மாடில்லாத கூலிக் குடும்பத்துக்கு இவ்வழி முற்றிலும் அடைபட்டது. ஆகவே சங்கம் இதை எல்லாருக்கும் பொதுவான பரிகாரமாகக் கருதாமல், மாடும் நீரும் உள்ள சிலருக்கே சிபாரிசு செய்யவேண்டும்.

8. சிலிண்டரும் சங்கமும்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டம் 2007-ம் ஆண்டில் தொடங்கியது. மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டம் 2016-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி தொடங்கி, 2019-ம் ஆண்டு செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகளை அளித்தது. அத்திட்டத்தாருக்குச் சிலிண்டர் ஒன்றுக்கு அளிக்கும் மானியம் 2023-ம் ஆண்டு அக்டோபரில் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவற்றால் அடுப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் தீர்ந்த சிலிண்டருக்கு மறு சிலிண்டர் வாங்க ஒரே தடவையில் முழுத்தொகை வேண்டியிருக்கிறது. வாரக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அதுவே தடை. அடுப்பு மூலையில் துணி மூடிக் கிடக்க, விறகடுப்பு மீண்டும் எரிகிறது.

இத்தடையை நீக்குவது கூட்டுறவின் இயல்பான வேலை. உதாரணமாக, சிலிண்டர் விலை 900 ரூபாய் என்று கொள்வோம். விலை காலந்தோறும் மாறுமாதலால் கணக்கின் வழியே இங்கு முக்கியம். முப்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுழல் நிதி அமைக்கின்றன. ஒரு குடும்பத்துக்குச் சிலிண்டர் தீர்ந்தவுடன் நிதி 900 ரூபாயை முன்பணமாக அளிக்கிறது. அக்குடும்பம் வாரம் 150 ரூபாயாக ஆறு வாரத்தில் அடைக்கிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் தீருமானால் 27,000 ரூபாய் வேண்டும். அவ்வாறு நேராமல் பரவலாகத் தீருவதாலும், பணம் வாரந்தோறும் திரும்புவதாலும் ஏறக்குறைய அதில் பாதியே வெளியில் நிற்கும். மானியம் பிறகு வங்கிக் கணக்கில் சேரும்போது, அதையும் தவணையில் கழித்துக்கொள்ள அங்கத்தினர் சம்மதம் பெறலாம். ஒரு தடவையில் அத்தொகையும் தாங்காதவர்க்கு 5 கிலோ சிலிண்டர் உண்டு.

சிறு தொகைகளைச் சேர்த்துப் பெருங் காரியம் செய்வது ஓட்டப்பிடாரத்துக்குப் புதிதன்று. அவ்வூரில் 1872-ம் ஆண்டில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906-ம் ஆண்டில் 25 ரூபாய்ப் பங்குகளைத் திரட்டியே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்.

9. பெண் அங்கத்தினர்

மேற்கூறிய எதுவும் பெண்மக்கள் கலந்துகொள்ளாமல் நிறைவேறாது. அடுப்பின் கண் அளவை அறிந்தவள் அவளே. புகையைச் சுவாசிப்பவளும் அவளே. ஆனால் சிலிண்டருக்குப் பணம் கொடுப்பதா, வேண்டாமா என்று தீர்மானிப்பவர் அநேக வீடுகளில் வேறொருவர். தன் நெஞ்சுக்கு வேண்டிய காற்றைப் பற்றி அவளே வாக்களிக்க முடியாத சங்கம் இக்காரியத்தில் வெற்றி பெறாது. ஆகையால் சுழல் நிதியின் அங்கத்துவமும் கணக்கும் சமைப்பவர் பெயரிலேயே இருக்கவேண்டும். நிதியை நடத்தும் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்மக்கள் இருக்கவேண்டும். கூட்டம் சமையல் நேரத்தில் கூட்டப்படலாகாது.

10. சங்கம் இவ்வாண்டு செய்யத்தக்கவை

முதலாவது, எந்த வீட்டில் எந்த அடுப்பு, எந்தெந்த மாதத்தில் எரிகிறதென்று ஒரு ஜாபிதா எழுதுதல். இரண்டாவது, சித்திரையில் விறகு உலர்த்தி அடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துதல். மூன்றாவது, ஊரில் ஒரு கொத்தனையும் ஒரு பெண்ணையும் புகைபோக்கி அடுப்புக் கட்டவும் பழுது பார்க்கவும் பழக்கி, பழுதுக்குச் சிறு கூலி ஏற்பாடு செய்தல். நான்காவது, சிலிண்டர்ச் சுழல் நிதியைப் பத்துக் குடும்பத்தோடாவது தொடங்குதல். ஐந்தாவது, கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளை முதல் வரிசையில் வைத்தல். ஓராண்டு கழித்து ஜாபிதாவை மீண்டும் எழுதி, எரிகின்ற அடுப்பையே எண்ணவேண்டும். கட்டிய அடுப்பை எண்ணி மகிழ்ந்தவர்களின் அனுபவம் மேலே கூறப்பட்டது.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. ஈர விறகு ஏன் புகைகிறது? நம் ஊரில் விறகு எந்த மாதத்தில் வெட்டப்படுகிறது?
2. கரிசல் மண்ணால் அடுப்பு கட்டினால் என்ன நேரும்? செம்மண் எங்கே கிடைக்கும்?
3. நம் ஊர்க் கூலிப்படி, ஆறு வாரத்து விறகின் உண்மை விலை என்ன?
4. எரிவாயு அடுப்பிருந்தும் விறகு எரிக்கும் வீடுகள் எத்தனை? காரணத்தை அவ்வீட்டுப் பெண்மக்களிடம் கேட்டவர் யார்?